பேருக்கு ஒரு ஊசி

அரசாங்கம் அவளுக்கு இரண்டு வருடம் முன்கூட்டியே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தப்பு அரசாங்கத்தின் மேல் இல்லை; அக்காவின் மேல்.

ஐம்பத்தெட்டு வயது நிரம்பியது பிறப்புச் சான்றிதழுக்கு. அவளுக்கு அன்றைக்கு ஐம்பத்தாறுதான். பூங்கொத்து கொடுத்தார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அவர் ஆபீஸ் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்ட பிறகுதான் அது துக்கக் கண்ணீர் அல்ல என்று தெரிந்தது. எப்படியோ, சான்றிதழ் முன்னால் நடக்க அவள் பின்னால் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு பத்து வருடம் போய்விட்டது. இன்னமும் சான்றிதழ்தான் முன்னால் நடக்கிறது.

அந்தச் சான்றிதழும் அதில் எழுதியிருக்கும் பேரும் அக்காவுடையவை. அக்கா ஐந்தரை வயதில் டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் வாங்கி, பதிவேட்டில் பேரும் எழுதியாகிவிட்டிருந்தது. இரண்டாவது பெண்ணுக்கு அப்போது மூன்றரை வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'. அவளுக்கு ஒரு பேர் வைக்கவோ, பிறந்ததைப் பதிந்துவிட்டு வரவோ அப்பாவுக்கு அதுவரை நேரம் கிடைக்கவில்லை. அவர் எரியாத பல்பை மாற்ற மூன்று மாதம் யோசிக்கிறவர்; மாற்றும் நேரத்தில் அந்த அறையே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடுவார். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தபோது, இருந்த சான்றிதழை எடுத்துச் சட்டைப்பையில் வைத்து, இருந்த பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். ஒரே நடையில் வேலை முடிந்தது.

அம்மாவும் தடுக்கவில்லை. அந்தப் பேரை வீட்டுக்குள் வாய்விட்டுக் கூப்பிட அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சமையலறையிலிருந்து கூப்பிடுவாள். இவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவாள். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, "உன்னைக் கூப்பிடலடி" என்பாள். அம்மா கண்ணை மூடுகிற வரைக்கும், எந்தக் கூப்பாடு தனக்கு, எது தனக்கில்லை என்று இவளால் பிரித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெரியவளாகி, தொலைபேசி நிலையத்தில் வெளியூர், வெளிநாட்டு இணைப்புகள் போட்டுக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். அங்கே வரிசையாகப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் தேனடை மாதிரி ஓட்டைகள், செருகி எடுக்கும் கயிறுகள். அவளுடையது நான்காவது. ஒரு வாரத்தில் எல்லோரும் 'நாலாம் போர்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அது தேன் மாதிரி இனித்தது. அந்தப் பேரில் வேறு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் அல்லவா? நாமும் அவளை அப்படியே அழைப்போம்.

நாலாம் போர்டுக்கு உலகத்தில் ஒரே ஒரு உயிர்த் தோழி. முகத்தைப் பார்த்ததே கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில், இவளைப் போலவே காதில் ஹெட்போன் இரும்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். இங்கிருந்து அழைப்பு போனால் அங்கே எடுப்பவள் அவள்தான். அக்கரைக்காரி என்று இவள் பேர் வைத்திருந்தாள். இணைப்பு வரும்வரை கிடைக்கிற அரை நிமிடம், கால் நிமிடம் என்று சேர்த்துச் சேர்த்துப் பதினோரு வருடம் பேசினார்கள். எல்லாம் தானியங்கியாகிப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகும் சொந்தச் செலவில் பேசினார்கள். அக்கரைக்காரியின் குரல் அப்படிப்பட்டது: அவள் "ஹலோ" சொன்னால் கடலுக்கு நடுவில் மீன்கள் நீந்துவதை நிறுத்திக் கேட்கும் என்று நாலாம் போர்டு சத்தியமே செய்வாள்.

அழைப்புகளே இல்லாத ஒரு மத்தியானம், வேறு யாரிடமும் சொல்லாத ஒன்றை நாலாம் போர்டு அவளிடம் சொல்லியிருந்தாள்.

சின்ன வயதில் தெருவுக்கு ஊசிக்காரர்கள் வந்தார்கள். குடல்காய்ச்சல், அதாவது டைபாய்டு, பரவுகிறது என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். அந்தக் காலத்து ஊசி, கோணிப்பை தைக்கிற நீளம். போட்டுக்கொண்டால் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய். பாப்பா போட்டுக்கொண்டாள், ஊரைக் கூட்டினாள், மிட்டாய் வாயில் விழுந்ததும் வாயை மூடினாள். அக்கா தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டிருந்தாள். "இன்னொரு மிட்டாய் வேணுமா? என் பேரைக் கூப்பிடுவாங்க. நீ போ" என்றாள். கூப்பிட்டார்கள். பாப்பா போனாள். அந்த நர்ஸ் காலையிலிருந்து நூறு பிள்ளைகளைக் குத்திக் களைத்துப் போயிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, சும்மா இருந்த கையைத்தான் பார்த்தாள். பாப்பாவுக்கு இரண்டு கையும் வீங்கி, இரண்டு நாள் சிறகு முளைத்த மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டே திரிந்தாள். இரண்டு மாதம் கழித்து அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இருபத்தோரு நாள்.

அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது. அக்கரைக்காரிக்கு மட்டும் தெரியும். அன்று அவள் "உன் லைன் கிளியரா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். வேலை நேரத்தில் தினம் நூறு தடவை சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு நாலாம் போர்டு கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

இப்போது அக்கரைக்காரிக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். ஆபரேஷனுக்கு இன்னும் பதினெட்டு நாள். அதற்கப்புறம் ஆள் இருப்பாள், குரல் இருக்காது. நாலாம் போர்டு அடித்துப் பிடித்துப் பதினைந்தாம் நாள் விமானத்தில் இடம் வாங்கிவிட்டாள். அந்தக் குரலை ஒரே ஒரு தடவை, கம்பி இல்லாமல், எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். வாழ்க்கையில் அவளுக்கு வேறு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். இதற்கு முன்னால் நிற்கிற ஆசை இல்லை.

அக்கரைக்காரி ஒரு நிபந்தனை போட்டாள்.

"எங்க தெருவுல தண்ணி சரியில்ல. ரெண்டு வீட்டுல டைபாய்டு படுத்திருக்கு. நீ ஊசி போட்டுக்கிட்டு வா."

"எனக்குத்தான் சின்ன வயசுலயே ரெண்டு போட்டிருக்கே."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். ஒண்ணு உங்க அக்காவோடது. இன்னொண்ணு எப்பவோ செத்துப்போச்சு. ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆனாத்தான் உடம்புல பிடிக்குமாம். போடாம வந்தா கதவைத் திறக்க மாட்டேன், பாத்துக்க."

சொன்னால் சொன்னதுதான். பதினோரு வருடத்தில் ஒரு மந்திரியின் அழைப்பைக்கூட வரிசை தாண்டி விடாதவள் அவள்.

ஆகவே அன்றைக்குக் காலை பத்து பத்துக்கு, வெளிநாடு போகிறவர்களுக்கான தடுப்பூசி மையத்தில் நேரம் வாங்கியிருந்தாள். பத்து நாற்பதுக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. காரணம், வீட்டுக்காரர். வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிற பழக்கம். வெளியே கிளம்பினால் கேஸ் மூடியிருக்கிறதா, குழாய் மூடியிருக்கிறதா, இஸ்திரிப் பெட்டி பிடுங்கியிருக்கிறதா என்று மூன்று சுற்று வருவார். மூன்றாவது சுற்றில் முதல் சுற்று மறந்துவிடும்.

மையம், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். உட்கார்ந்தவர் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமல் தரையோடு திருகி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில், புழு மாதிரி நெளியும் கிருமியின் படம். யானை அளவுக்கு அச்சடித்திருந்தார்கள். குமாஸ்தாவின் கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கு ஓட்டை போட்ட மகானுபாவன் அதை இடுப்பு உயரத்தில் போட்டிருந்தான். வருகிற ஒவ்வொருவரும் குமாஸ்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டபடிதான் பேச வேண்டியிருந்தது.

நாலாம் போர்டு குனிந்தாள். "பத்து பத்துக்கு வரவேண்டியது. கொஞ்சம் லேட்டாயிடுச்சு." பேரைச் சொன்னாள்.

குமாஸ்தா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டாச்சே."

"என்ன போட்டாச்சு?"

"ஊசி."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

அவள் தன் கைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "ஏம்மா, எனக்குத் தெரியாம எப்பப் போட்டுக்கிட்ட?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. சார், நான் இப்பத்தான் படியேறி வர்றேன்."

"அம்மா, பத்து பத்துக்கு நான் பேரைக் கூப்பிட்டேன். 'வந்துட்டேன்'னு குரல் வந்துச்சு. கதவு திறந்துச்சு, மூடுச்சு. சிஸ்டர் போட்டதா டிக் அடிச்சிருக்காங்க."

"எந்த சிஸ்டர்?"

"இங்க இருக்கிறதே ஒரு சிஸ்டர்தாம்மா."

வீட்டுக்காரர் சிரித்தார். நாலாம் போர்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் இருந்தது ஒரே ஒரு சிஸ்டர்தான்.

"வந்தது யாருன்னு நீங்க பாக்கலையா?"

"வர்றவங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டிருந்தா நான் எப்ப டைப் அடிக்கிறது?" என்றார் குமாஸ்தா. கேட்டால் நியாயம்தான்.

சத்தம் கேட்டு உள்ளே இருந்து நர்ஸ் வந்தாள். முப்பது வயதிருக்கும், ஒரு கையில் மட்டும் உறை. "என்னம்மா பிரச்சினை? அந்தப் பேரா? போட்டேனே. சின்னப் பொண்ணு. ஆறு வயசுகூட இருக்காது. ரெட்டைப் பின்னல்."

"இவங்களுக்கு அறுபத்தெட்டு" என்றார் வீட்டுக்காரர், உதவி செய்கிற நினைப்பில்.

"லிஸ்ட்ல பேர் மட்டும்தான் சார் எனக்கு வரும். குடும்பத்தோட வெளிநாடு போறவங்க, பெருசும் வரும் சிறுசும் வரும். நான் கண்டேனா? கூட யாரு வந்திருக்காங்கன்னு கேட்டேன். 'பாப்பா பின்னாடி வர்றா'ன்னுச்சு. ஏதோ பொம்மையைச் சொல்லுதுன்னு நினைச்சேன்."

நாலாம் போர்டு குனிந்தவள் நிமிரவில்லை. கண்ணாடித் தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்போது உயிரோடிருக்கிறவர்களில் 'பாப்பா' என்ற அந்தப் பேர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இன்னொருத்தி கடலுக்கு அந்தப் பக்கம். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தின வீட்டுக்காரருக்கே தெரியாது. ஊசி போடுகிற அறையிலிருந்து ஸ்பிரிட் வாசனை மெல்ல வந்து அவள் முகத்தில் தொட்டது.

"அழுதாளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுச்சு, அவ்வளவுதான். முடிஞ்சதும் கையைப் பாத்துட்டு, 'இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்'னுச்சு. இத்தனை நாளாம். இருக்கிறதே அஞ்சு வருஷம். எனக்குச் சிரிப்பு தாங்கல."

யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நர்ஸ் உறை போட்ட கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"சிஸ்டர், எனக்கு டைபாய்டு ஊசி இன்னிக்கே போட்டாகணும். பதினஞ்சாம் நாள் கிளம்புறேன்."

"இருந்ததே அது ஒண்ணுதாம்மா. உங்க பேருக்குத்தான் எடுத்து வச்சிருந்தோம். இனி பத்து நாள் கழிச்சுத்தான் வரும்."

பத்து நாள் கழித்துப் போட்டால் ஐந்து நாள்தான் மிச்சம். அக்கரைக்காரி கதவைத் திறக்க மாட்டாள். அவள் திறந்தாலும் இவள் நுழையமாட்டாள். அந்தக் காய்ச்சல் என்ன செய்யும் என்று பார்த்தவள். கதவுக்கு இந்தப் பக்கம் இவள் நிற்க, அந்தப் பக்கம் குரல் முடிந்துபோகும்.

"பெட்டியைக் காட்டறேன், நீங்களே பாருங்க" என்று நர்ஸ் உள்ளே கூட்டிப் போனாள். குளிர்பெட்டியைத் திறந்து, அட்டைப் பெட்டியை எடுத்து, கவிழ்த்தாள்.

ஊசி விழுந்தது.

மருந்து நிரப்பி, மூடி போட்டு, உறை கிழிக்காத ஊசி. நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குப்பைக் கூடையைக் காலால் திறந்தாள். உள்ளே ஒரு பஞ்சு. அதன் நடுவில் கடுகளவு சிவப்பு. வேறொன்றும் இல்லை.

"நான் போட்டேன்" என்றாள் நர்ஸ். "மருந்து இறங்குனது என் விரலுக்குத் தெரிஞ்சுது. பஞ்சு வச்சு அழுத்துனேன். கை ஜில்லுன்னு இருந்துச்சு, ஏசியில உட்கார்ந்திருக்கும்னு..." அவள் முக்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் கதவருகில் நின்று விஷயத்தைத் தொழில்முறையில் ஆராய்ந்தார். "ரீடிங் ஏறியிருக்கு. கரண்ட் செலவாகல." முப்பத்தைந்து வருட அனுபவத்தில் அப்படி ஒரு மீட்டரை அவர் கண்டதில்லை. அவர் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

குமாஸ்தாதான் நிதானம் தவறாத மனிதர். பேய் வந்தாலும் பேர் கேட்டு டைப் அடிப்பார். "ஊசிதான் இருக்கே, அப்புறமென்ன? ஏதோ தப்பா டிக் விழுந்திருக்கு. ஒரு பட்டன்தான்மா. 'போடவில்லை'ன்னு மாத்திட்டு, திரும்ப உங்க பேருக்கே போட்டுடலாம். மாத்தட்டுமா?"

அவர் விரல் பட்டனுக்கு மேலே நின்றது.

சொல்ல வேண்டியது ஒரு 'உம்'. இதைவிடச் சின்னச் சொல் பாஷையிலேயே கிடையாது. நாலாம் போர்டு வாயைத் திறந்தாள். நாக்கில், எங்கிருந்தோ, பெப்பர்மின்ட்டின் குளிர்ச்சி ஏறியது. அறுபத்திரண்டு வருடமாக அவள் அந்த மிட்டாயை வாயில் வைத்தது இல்லை. பல் துலக்கும் பசையைக்கூட வாசனை பார்த்துத்தான் வாங்குவாள்.

"வேணாம்" என்றாள்.

"என்னம்மா?"

"மாத்தாதீங்க. அந்தப் பேருக்குப் போட்டாச்சு. அவதான் போட்டுக்கிட்டா. அது அப்படியே இருக்கட்டும்."

"அப்போ உங்களுக்குப் போட முடியாதே. பேருக்கு ஒண்ணுதான். ரூல்ஸ்."

"ஏம்மா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் வீட்டுக்காரர். "அவரே மாத்தித் தர்றேங்கிறாரு. ராத்திரி பகலா அந்தப் பொம்பளையைப் பாக்கணும், பாக்கணும்னு என் காதைத் தின்ன?"

"பாக்கணும்தான். ஆனா இவளோடதைப் பிடுங்கிக்கிட்டு இன்னொரு தடவை என்னால முடியாது."

"இன்னொரு தடவையா? முதல் தடவை எப்ப?"

குமாஸ்தா விரலை எடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, எதிரே நிற்கிற முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார்.

"நேரம் வாங்காம நேரா வர்றவங்களுக்கு இந்த நோட்டு. இதுல கம்ப்யூட்டர் கிடையாது, கையால எழுதுறதுதான். ஆனா அதே பேரை இதுல எழுத மாட்டேன். வேற பேர் இருந்தா சொல்லுங்க."

வேற பேர். நாலாம் போர்டு என்று சொல்லலாம். அது நாற்காலியின் பேர். இன்னாருடைய மனைவி என்று சொல்லலாம். அவர் கையில் ஊசி போட்டுவிடுவார்கள். யோசிக்க அதிகம் இல்லை. அவளுக்கென்று யாரும் எழுதிவைக்காத பேர் ஒன்றுதான் இருந்தது.

"பாப்பா."

"முழுப் பேர்?"

"அவ்வளவுதான்."

வீட்டுக்காரர், "எந்தப் பாப்பா?" என்றார்.

"நான்தான்."

"வயசு?" என்றார் குமாஸ்தா.

"அறுபத்தாறு."

"அடியே, ரெண்டு வருஷம் எங்க போச்சு?"

"அது என்னோடது இல்லங்க."

"அப்போ நாற்பது வருஷமா நான் யாரோட குடும்பம் நடத்துனேன்?" என்று அவர் ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, இந்தக் கட்டடத்து மீட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் படியிறங்கிவிட்டார். நல்ல மனிதர். புரியாத இடத்தில் நிற்க மாட்டார்.

நர்ஸ் ஊசியை எடுத்து, இரண்டு தடவை திரும்பக் கீழே வைத்தாள். "பரவாயில்லம்மா, போடு" என்று பாப்பாதான் அவளுக்குத் தைரியம் சொன்னாள். நெருப்பெறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இறங்கியது. இடது கை. பஞ்சில் கடுகளவு சிவப்பு.

"இவங்க கை சூடா இருக்கு" என்று நர்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மயக்கம் கியக்கம் வருகிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். குமாஸ்தா இரண்டு அட்டைகளைக் கையில் கொடுத்தார். ஒன்று, காலை பத்து பத்துக்குக் கம்ப்யூட்டரில் அச்சான அட்டை. அக்காவின் முழுப் பேர், பிறந்த தேதியோடு. "யாரும் வாங்கிட்டுப் போகல, உங்க பாஸ்போர்ட் பேர்தானே" என்றார். இன்னொன்று கையால் எழுதியது. பாப்பா, 66. மை இன்னும் காயவில்லை.

அந்த முற்பகல் வேளையில் கூடத்தில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் விழுந்து நாற்காலிகள் பளபளத்தன. அவள் ஓர நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் அட்டைகளை வைக்கப் போனாள். கை பட்டதும் எடுத்துவிட்டாள். வரிசையில் எல்லா நாற்காலியும் வெயிலில் சுட்டன. அது மட்டும் குளிர்ந்திருந்தது. அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கரைக்காரிக்குப் போன் போட்டாள்.

அந்தக் குரல் இப்போதே பாதிக்கு மேல் போய்விட்டது. சொரசொரத் தரையில் சாக்குப்பை இழுக்கிற சத்தம். ஆனாலும் "ஹலோ"வில் அந்தப் பழைய வளைவு இருந்தது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. ரெண்டு பேருக்கும்."

அக்கரைக்காரி விளக்கம் கேட்கவில்லை. அதனால்தானே அவள் உயிர்த் தோழி. "அவளும் வந்தாளா?" என்றாள்.

"எனக்கு முன்னாடியே வந்து போட்டுக்கிட்டா. கேன்சல் பண்ணித் தர்றேன்னாங்க. வேணாம்னுட்டேன். என் பேரைச் சொல்லிப் போட்டுக்கிட்டேன்."

"உன் பேரா? அதென்ன பேர்?" என்று கேலியாகத் தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். "இரு. லைன்ல மூணாவது ஆள் இருக்கு."

பலகையில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிகிற விஷயம் அது. இரண்டு பேர் பேசும்போது மூன்றாவதாக யாராவது ரிசீவரை எடுத்தால், குரல் ஒரு நூல் கீழே இறங்கும். அத்தனை பேச்சுக்கும் நடுவில் அந்த ஒரு நூலைக் கேட்கக் காது வேண்டும். நாலாம் போர்டுக்கும் கேட்டது. சத்தம் இறங்கியிருந்தது. ஆனால் இது கம்பி இல்லாத போன். அவள் கைக்குள் இருக்கிறது. இன்னொரு ரிசீவரே கிடையாது.

"பேசுது" என்றாள் அக்கரைக்காரி. "சின்னக் குரல். உனக்குக் கேக்கலையா?"

"இல்ல."

"தெளிவா பேசுதே. என்னடி இது, தொண்டை போற நேரத்துல எனக்குக் காது இப்படித் திறந்துக்கிச்சு."

நாலாம் போர்டு போனைக் காதோடு அழுத்தினாள். ஊசி போட்ட இடம் துடித்தது. அறுபத்திரண்டு வருடமாக இந்த ஒரு அழைப்புக்குத்தான் அவள் பயந்திருந்தாள். அந்தப் பேர் எங்கே யார் வாயில் வந்தாலும் அவள் முதுகு விறைக்கும். பின்னால் நிற்கிறவள் ஒரு நாள் வாயைத் திறந்து, என்னுடையதை ஏன் வாங்கிக்கொண்டாய் என்று கேட்பாள். சொல்ல இருக்கிற பதில் ஒன்றே ஒன்று: ஒரு மிட்டாய். அதை எப்படிச் சொல்வது?

"என்ன சொல்றா?" என்றாள். "எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லு. ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லு."

அக்கரைக்காரி தொழில் தெரிந்தவள். ஒரு பக்கம் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மறுபக்கம் சேர்ப்பதுதான் அவள் பிழைப்பு. மூச்சைப் பிடித்துக் கேட்டாள். கடல் இரைவது போல ஒரு சத்தம் மட்டும் லைனில் ஓடியது.

"பாப்பாகிட்ட சொல்லணுமாம்" என்றாள் கடைசியில், அந்த உடைந்த குரலில். "பிளேன்ல ஜன்னல் சீட்டு அவளுக்குத்தான் வேணுமாம்."

டிக்கெட்டில் இருப்பது அக்காவின் பேர். பாஸ்போர்ட்டும் அவளுடையது. ஊசி போட்ட அட்டைகூட முறைப்படி இருக்கிறது. எந்த அதிகாரியும் மறுக்க முடியாது.

"சரின்னு சொல்லு" என்றாள் பாப்பா. "நான் நடு சீட்டுல உட்கார்ந்துக்கிறேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன்."

"போனை வச்சுட்டாளா?"

"இல்ல. மூச்சு கேக்குது."

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. பாப்பா திரும்பவில்லை. வெயிலைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வலது தோளில், ஊசி போடாத பக்கமாகப் பார்த்து, ஜில்லென்று ஏதோ வந்து சாய்ந்தது.